ஊசி நழுவியது

பிப்ரவரி 4

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

இந்தப் பெயரால் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. நாம் தனித்தனி வீட்டுக்குப் போய் ஆறு வருடமாகியும் வேறு பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது. மூட்டுவலி எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களா?

காரியமாகத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் மாணவி ஒருத்தி மூன்று வருடமாகப் புறாவின் மூளையில் நம் 'காவல் செல்'லைத் தேடுகிறாள். எதுவுமே அசையாத வெற்றுச் சுவரைப் பார்க்கும்போதும் ஓயாமல் துடிக்கும் அந்தச் செல்லால்தான் எனக்கு வேலை, தனி அறை, பேர் எல்லாம் வந்தது. மூளைக்குள் இறக்கும் ஊசி பிடிக்கிற துடிப்பு ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்க வேண்டும்; அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. "உனக்குக் கை சரியில்லைம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் கடைசியில் அவளுடைய ஆய்வை மதிப்பிடும் குழு கூடுகிறது. அதற்குள் கிடைக்காவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து ஊசி செய்வாயே, அந்தப் பக்குவத்தை எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
புறா டாக்டர்


பிப்ரவரி 15

புறா டாக்டருக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். பிரித்துப் பார்த்தால் ஊசி கேட்டிருக்கிறீர்கள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூட்டு அப்படியேதான் இருக்கிறது. மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

பக்குவத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் குறை ஊசியில் இல்லை என்று உங்களுக்கே தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால், நாம் அந்தச் செல்லைப் பதிவு செய்துகொண்டிருந்த அந்த மத்தியானம் நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். கரண்ட் போனது. பதிவுப் பெட்டி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நானும் ஒரு பேட்டரி பல்பை எடுத்து, புறா பார்த்துக்கொண்டிருந்த சுவருக்கு வெளிச்சம் காட்டினேன். செல் வாயை மூடிக்கொண்டது. கரண்ட் வந்து, முனை கறுத்த அந்தப் பழைய ட்யூப்லைட் எரிந்ததும் திரும்பக் கத்த ஆரம்பித்தது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நம் கண்ணுக்கு நின்று எரிகிற விளக்கு, புறாவின் கண்ணுக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. அது காவல் காக்கவில்லை. அந்த மினுமினுப்பைப் பார்த்துத் துடிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் புதுக் கட்டிடத்து விளக்குகள் மின்னாமல் எரிபவையாக இருக்கும், அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கே சொன்னேன். "உன் கை நடுங்கியிருக்கும். ஊசி நழுவிச்சுன்னு எழுதிடு" என்றீர்கள். மறுவாரம் அந்த வேலைக்கு உங்களுக்கு நேர்முகத் தேர்வு. குறிப்பேட்டில் எழுதினேன்: 'ஊசி நழுவியது.' என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. அதற்கப்புறம் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொரு வேளையும் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ஊசிக்காரி


மார்ச் 20

ஒரு மாதமாகப் பதில் இல்லை. சொன்னீர்களா, இல்லையா?

ஊசிக்காரி


ஏப்ரல் 2

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

ஸ்டோர் ரூமில் அந்த ட்யூப்லைட் இன்னும் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நானே மாட்டினேன். புறாவின் மூளையில் ஊசியை இறக்கியதும் ஸ்பீக்கர் கறகறவென்று கத்தியது. விளக்கை அணைத்தேன், நின்றது. போட்டேன், கத்தியது. நீ சொன்னதுதான் சரி. என் இருபது வருடமும் ஒரு சுவிட்சில் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் மாணவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "சார், கிடைச்சிடுச்சா? இதுதானே சார் அது?" என்று குதித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எப்படி வந்தது என்று கேட்டாள். "ஊசிதாம்மா. பழைய பக்குவம்" என்று சொல்லிவிட்டேன். அவள் மேலே அந்த விளக்கை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

என்னைத் திட்டு, பரவாயில்லை. எனக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தான். அவளும் தப்பித்தாள். அவள் எழுதப்போகும் கட்டுரையில் உன் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன். என் முதல் கட்டுரையிலேயே போட்டிருக்க வேண்டும். மனசு ஆறினால் ஒருநாள் வீட்டுக்கு வா. உன் அலமாரியை நான் தொடவே இல்லை.

உன்,
புறா டாக்டர்


ஏப்ரல் 11

புறா டாக்டருக்கு,

என் பெயரை எடுத்துவிடுங்கள். அதற்காக நான் எத்தனை வருடம் ஏங்கினேன் என்று தெரிந்துதான் இப்போது நீட்டுகிறீர்கள். படித்ததும் ஒரு நிமிடம் ஆசையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் தப்பிக்கவில்லை. உங்களைப் போல இருபது வருடம் ஒரு ட்யூப்லைட்டுக்குக் காவல் இருக்கப்போகிறாள்.

குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்து, 'ஊசி நழுவியது' என்பதை அடித்துவிட்டு, நடந்ததைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளுக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என் பொய்யும் அதில் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்பே அது அவளிடம் போயிருக்கும்.

உங்கள் கதவைத் தட்டுவாள். அவளிடம் கத்தாதீர்கள். "உன் கை நல்ல கைம்மா" என்று முதலில் அதைச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உங்கள் வீட்டில் அத்தனை வருடம் காத்திருந்தேன்.

அலமாரியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஊசிக்காரி