உன் அப்பா படிக்காத கீழ்வரி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை, நீயாவது சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் பாய்ந்து எடுப்பது உன் அப்பாதான், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்வார், நான் என்னத்தைப் பேச. அதனால் அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் எழுதுகிறேன். அக்காவுக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது, இனி அவள் இங்கே எட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் என்று சொல்லியே நாளைக் கடத்துகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக நீ எழுதினாயே ஒரு விளம்பரம், சர்க்கரை நோய்க்கு என்று ஒரு டானிக், "உங்கள் மாத்திரை டப்பாவுக்கு இனி ஓய்வு" என்று, அது பேப்பரில் முழுப் பக்கம் வந்த அன்றே அப்பா கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். தன் சர்க்கரைக்கு என்று டானிக்கும் வாங்கி வந்தார். மகன் மேல் பெருமை, குடித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். போன வாரம் அவருக்குக் கால் நகம் வெட்டும்போது கை தவறிச் சதையையும் வெட்டிவிட்டேன், ரத்தம் வழிகிறது, மனிதர் தன் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். சர்க்கரை ஏறினால்தான் கால் இப்படி மரத்துப்போகும். வீட்டைப் புரட்டிப் பார்த்தால் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது, மாத்திரையை உடனே தொடங்கினால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம் என்றார். அப்பா நன்றாகத் தலையாட்டினார், வீட்டுக்கு வந்ததும் டானிக்கைத்தான் குடித்தார்.

யாருக்கு வந்த கதி பார். பத்திரிகை ஆபீசில் விளம்பரக் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். அந்தக் காலத்தில் வீடு வாடகைக்கு, ஆள் தேவை என்று உள்ளதைச் சொன்னார்கள், அப்புறம்தான் பயமுறுத்தி விற்கக் கற்றுக்கொண்டார்கள் என்பார். வெள்ளைக் கோட்டு போட்டவன் எல்லாம் டாக்டர் இல்லை, இன்றே கடைசி என்பது நாளைக்கும் வரும் என்று சொல்லிச் சொல்லியே உங்களை வளர்த்தார். வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் தைலத்துக்கு விளம்பரம் கொண்டுவந்தவரிடம், மொதல்ல உங்க தலையில தடவிட்டு வாங்க சார் என்று திருப்பி அனுப்பிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். எந்த விளம்பரத்தையும் கீழே இருந்து படிக்கணும் என்பது அவர் பாடம்தானே, நானும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உன் விளம்பரத்தின் கீழ்வரியைப் படித்துக் காட்டினேன். இது மருந்து அல்ல, மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது என்று எறும்பு எறும்பாக இருக்கிறது. அதற்கு அவர் சொன்னதைக் கேள். அது கம்பெனிக்காரன் சட்டத்துக்காகப் போடறது, மேல இருக்கறதுதான் என் புள்ள எழுதினது, அவன் பொய் எழுதுவானா என்றார்.

உன் மேல் கோபமா என்று கேட்டால், கோபம்தான். சொன்னதை எழுதினாய், அதுதான் உன் வேலை, தெரிகிறது. ஆனால் இதை நம்பி இன்னும் எத்தனை வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறார்களோ, அவர்களுக்கு நீ பிள்ளைகூட இல்லை. எனக்காக ஒன்று செய். அந்தக் கீழ்வரியை உன் கையெழுத்தில், பெரிதாக எழுதி அனுப்பு. மேலே இருப்பது பொய் என்றும் எழுது. அலமாரிக் கதவில் அதன் மேலேயே ஒட்டுகிறேன். நம்புவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, புள்ள தன்னடக்கமா எழுதியிருக்கான் என்றுதான் சொல்வார். நம்பிவிட்டாலோ, அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சந்தோஷமும் போய்விடும். இருந்தாலும் எழுது.

வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் மூச்சு விடாதே. அப்பா எழுந்துவிட்டார், அலமாரி திறக்கும் சத்தம் கேட்கிறது, குடிப்பதற்கு முன்னால் தினமும் உன் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார், இப்போதும் படிக்கிறார்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா