பதினாலு ஊக்கும் இரண்டு பேண்டும்

1999 ஜனவரி 18, திங்கள்

பதினோராவது மாடியில் ஊக்கு திறந்து தொடையில் குத்திவிட்டது. லிஃப்டில் ஆறு பேர். நான் போட்ட கூச்சலில், லிஃப்ட்தான் அறுந்துவிட்டதென்று ஒரு அம்மாள் என் தோளைக் கட்டிக்கொண்டாள். லிஃப்ட் ஓட்டுகிறவனே அலறினால் பாவம் அவள் என்ன செய்வாள்! எனக்குச் சிரிப்பு. சூப்பர்வைசர் சௌஹான் சாபுக்கு வரவில்லை. "யூனிஃபார்ம்ல ஊக்கா? மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஒழுங்கான பேண்ட்ல வா. இல்லேன்னா பெர்மனென்ட்டை மறந்துடு." (இந்தியில் சொன்னது. திட்டைக் கழித்துவிட்டேன்.)

போலியோ காலுக்கு மாட்டிய இரும்புக் காலிப்பரும் பூட்ஸும் கம்பெனி பேண்டுக்குள் நுழையாது. என் வீட்டுக்காரி ராஜி பக்கத் தையலைப் பிரித்துவிட்டு, தினமும் காலையில் என் முன்னால் முட்டி போட்டுப் பதினாலு ஊக்கு குத்தி அனுப்புகிறாள். தெருமுனை டெய்லர் வைத்த ஜிப், முட்டிக் கீலில் மாட்டி இரண்டே நாளில் கிழிந்தது.

ஜனவரி 24

லாஜ்பத் நகரில் ஒரு டிரஸ்ட் இருக்கிறதாம். ஊனமுற்றோருக்கு வேலைக்கு வேண்டிய சாமான், உடுப்பு எல்லாம் தருகிறார்களாம். மனு இந்தியில்.

"கீழ்வீட்டு மிஸ்ராஜியை எழுதித் தரச் சொல்லுங்களேன்" என்றாள் ராஜி.

கேட்பேனா? கும்பகோணத்தில் இந்தி மத்யமா பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு டெல்லிக்கு வந்தவன்! உயரமான ஸ்டூல் ஒன்று, பேண்ட் இரண்டு, பக்கவாட்டில் முழுக்கத் திறக்கிற மாதிரி. முத்து முத்தாக எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 9

பதில் இல்லை.

பிப்ரவரி 27

கடிதம்! 'கலியமூர்த்தி அவர்கள் மார்ச் 5 நேரில் வரவும். வாசித்துக் காட்ட வேண்டியிருக்கலாம்.'

எதை? ஸ்டூலையா?

மார்ச் 5

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

கமிட்டியில் மூன்று பேர். நடுவிலிருந்த பெரியவர், "லிஃப்ட்டுக்குள்ள பேண்ட் எதுக்குப்பா? ஜனங்க காது என்னாகும்?" என்றார்.

"பேண்ட் இல்லேன்னா வேலை போயிடும் சாப்."

"சரி, ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணைத் துவைச்சுப் போட்டா இன்னொண்ணு வேணுமே."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த வசுமதி மேடம் என் மனுவை வாங்கிப் படித்தார். பிறகு தமிழில், "சார், நீங்க கேக்கறது பேண்டா, பேண்டா?" என்றார். (எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது!) நான் விழித்தேன்.

"கால்ல போடறதா, கல்யாணத்துல வாசிக்கறதா?"

ஐயோ! நமக்கு ஒரே ப. அவர்களுக்கு நாலு. நான் போட்டது தப்பான ப! பக்கவாட்டில் திறக்கிற பேண்டு வாத்தியம், இரண்டு செட்! மத்யமாவாம், மண்ணாங்கட்டி.

மேடம் விளக்கியதும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. தினமும் என் காலடியில முட்டி போடறா சார், அதான் தாங்கல — என்று உளறிவிட்டேன். சாங்ஷன்! அங்கேயே டெய்லர் அளவெடுத்தார்.

மார்ச் 22

ராஜி என்னை 'பேண்ட் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறாள். காய்கறி விற்கிற பையா வரை பரப்பிவிட்டாள். இன்னும் ஒன்பது நாள். டெய்லரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சிரிப்பெல்லாம் அவளுக்குத்தான்.

மார்ச் 31

நேற்று மாலை பார்சல் வந்தது. இரண்டு பேண்ட். ஸ்டூல் அடுத்த வாரமாம்.

சௌஹான் சாப் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அச்சா" என்றார். பெர்மனென்ட்! கையெழுத்தாகிவிட்டது!

ஆனால் காலையில் நடந்ததைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ராஜி எழுந்திருக்கும் முன் நானே போட்டுக்கொண்டேன். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஜிப், ஒரே இழுப்பு, கீலில் மாட்டவே இல்லை. அவள் தூக்கக் கலக்கத்தில் ஊக்கு டப்பாவோடு வந்து, பழக்கத்தில் முட்டி போட்டுவிட்டாள். குத்த இடமில்லை. ஜிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். எழுந்து, பதினாலு ஊக்கையும் ஒவ்வொன்றாகத் தன் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டு கழுத்தை ஒரு ஆட்டு ஆட்டினாள் — ஜல் ஜல்!

"கிளம்புங்க, பேண்ட் மாஸ்டர்."

கேட்ட பேண்டும் வந்தது, எழுதிய பேண்டும் வந்தது.