இடது பக்கப் பெட்டியைக் கழற்றி வை

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி நினைக்காவிட்டால் கை ஓடாது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சரியில்லை. அண்ணன் வேலைக்குப் போய் வருகிறான், அண்ணிக்கு மசக்கை கொஞ்சம் தணிந்திருக்கிறது, அதெல்லாம் பிறகு. முதலில் நான் சொல்வதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படி. வெளியே போய் உன் மோட்டார் சைக்கிளிலிருந்து இடது பக்கப் பெட்டியைக் கழற்றிக் கீழே வை, கையோடு வலது பக்கத்தையும் கழற்று. கழற்றிவிட்டாயா. கழற்றியிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா, அம்மா ஆரம்பிச்சுட்டா என்று சிரித்தபடி அடுத்த வரிக்கு வந்திருப்பாய். சரி, படி. படித்து முடிக்கிறவரைக்கும் வண்டியைத் தொடாதே, அது போதும்.

போன வாரம் அண்ணன் போனுக்கு ஒரு படம் அனுப்பினாயே, பெட்டியின் கீழ் மூலையில் பெயின்ட் எல்லாம் போய் இரும்பு வெள்ளையாகத் தெரிகிற படம். பெட்டி ரோட்டுல உரசிப் பொறி பறக்குது, அவ்வளவு சாய்ச்சு ஓட்டுறேன்னு அப்பாகிட்ட சொல்லு என்று அதற்குக் கீழே எழுதியிருந்தாய். அதைப் பார்த்து முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, பிரைமர் அடித்து, தேய்த்து, மறுபடி அடித்து, அப்பா செய்த பெட்டிக்கு நான் கொடுத்த பெயின்ட் அது, பட்டறையில் யார் பீரோவுக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. அப்புறம் உள்ளுக்குள் ஒரு பெருமை, பொய் சொல்வானேன். மலைமேல் தனியாக ஒரு பெண் தடுப்பு மருந்தை வண்டியில் கட்டிக்கொண்டு வளைவில் பொறி பறக்கப் போகிறாள், அவள் என் வயிற்றில் பிறந்தவள் என்று. நீ சிக்னல் கிடைக்கிற அந்தப் பாறையிலிருந்து கூப்பிட்டபோது, அந்தச் சத்தம் வந்தால் பயமாக இல்லையாடி என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. பயமா, அதும்மா பஸ்ஸில கண்டக்டர் விசில் அடிக்கிற மாதிரி, சத்தம் வந்தா அதுதான் எல்லை, அதுவரைக்கும் தைரியமா சாய்க்கலாம் என்றாய். அதோடு லைன் போய்விட்டது. நானும் அதை ஏதோ பெரிய வித்தை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உன் சின்ன மாமாவிடமும் சொன்னேன். அவனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க மற்றவர்கள் தப்பைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தால் என் சமையலிலிருந்து அடுத்த வீட்டுக்காரர் நடை வரைக்கும் குறை சொல்கிற ஆள், அவன் பேச்சில் முக்கால்வாசியை நான் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்கு டீ டம்ளரை வைத்துவிட்டு, அண்ணன் போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தான். பிறகு கேட்டான், அக்கா, முதல்ல எது உரசுது, கால் வைக்கிற கம்பியா, பெட்டியா என்று. பெட்டிதான் என்றேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கால் வைக்கிற கம்பிக்குக் கீல் இருக்கிறதாம், ரோட்டில் பட்டால் மேலே மடங்கிக்கொள்ளும், நம் காலுக்கும் அதிர்வு தெரியும், போதும் நிமிர்த்து என்று அது சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகும் ஓரளவு இடம் மிச்சம் இருக்கும். பெட்டி மடங்காது, உன் அப்பா வைத்த வெல்டிங் மடங்குமா. அது உரசும்போது கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தாலும், ஒரு பள்ளத்தில் வண்டி ஒரு அமுக்கு அமுங்கினாலும், பெட்டி தரையில் ஊன்றிக்கொள்ளும், பின்சக்கரம் ரோட்டை விட்டு எழும்பிவிடும், அப்புறம் பிரேக்கும் இல்லை, பிடிமானமும் இல்லை. அவ விசில்னு நினைக்கிறது விசில் இல்லக்கா, விழறதுக்கு முந்தின நிமிஷம் என்றான்.

அப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. என் பெட்டியில குறை சொல்ல இவன் யாரு, தரையிலிருந்து அளந்து வச்சிருக்கேன், உரசவே உரசாது, அவ எங்கேயாவது கல்லுல இடிச்சிருப்பா என்றார். அளந்தார்தான், நானே பக்கத்தில் இருந்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். வண்டியை எப்படி நிறுத்தி அளந்தீங்க மாமா என்று இவன் கேட்டான். சென்டர் ஸ்டாண்டு போட்டு என்று அப்பா சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நம் பட்டறையில் வேறு எப்படி அளப்போம், சொல்லு. பீரோவானாலும் அலமாரியானாலும் காலில் நேராக நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தானே பழக்கம், பீரோ எங்கேயாவது சாய்ந்துகொண்டு ஓடுமா. சென்டர் ஸ்டாண்டு போட்டால் வண்டி மொத்தமும் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்சக்கரம் தரையில் படுவதே இல்லை. அதில் ஆள் இல்லை, மருந்துப் பெட்டி இல்லை, ஸ்பிரிங் அமுங்கவில்லை, சாயவும் இல்லை. வலது பக்கம் சைலன்சர் இருந்ததால் பெட்டியை ஏற்றி வைத்தோம். இடது பக்கம் தடை ஒன்றும் இல்லையே என்று உன் ஐஸ் பெட்டி முழுசாக உட்காரும்படி அகலமாக, இறக்கி வைத்தோம், கீழே இறங்கி இருந்தா ஆடாது என்று அப்பா சொன்னார், நானும் தலையாட்டினேன்.

அப்படியும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வச்சுப் பார்த்துடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். எதிர் வீட்டு கூரியர்காரர் வைத்திருப்பதும் உன் வண்டி மாதிரியேதான், அதைக் கேட்டு வாங்கினோம். உன் பெட்டிக்கு அளவாக வெட்டி வைத்த அட்டை இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, அதை வைத்துப் பழைய தகட்டில் அதே பெட்டியை அடித்து மாட்டினார். உள்ளே தண்ணீர் கேன்களை அடுக்கினோம். உன் உடம்பும் என் உடம்பும் ஒரே வாகு என்று என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். பட்டறை வாசலில், நடுத்தெருவில், நான் புடவையைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணனும் சின்ன மாமாவும் கூரியர்காரரும் கயிற்றைப் போட்டுப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இடது பக்கம் சாய்க்கிறார்கள். தெருவே கூடிவிட்டது. அக்கா ரேஸுக்குக் கிளம்பிட்டாங்க, கொடியசைக்க ஆள் கூப்பிடுங்க என்று சலூன்காரர் சொன்னதற்கு நானும் சிரித்தேன். டங்கென்று பெட்டியின் மூலை தரையில் பட்டது. குனிந்து பார்த்தால் கால் கம்பிக்கும் தரைக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போகிறது. இவ்வளவுதான் சாய்ஞ்சிருக்கு, கொண்டை ஊசி வளைவுல வேகமா போனா இதைவிடச் சாயணும் என்று சொல்லிவிட்டு சின்ன மாமா இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னான்.

வாண்டு, பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் சட்டென்று எழுந்துவிட்டால் நம் பக்கம் எப்படி இருக்கும், அந்த மாதிரி இருந்தது எனக்கு. எனக்கு அடியில் என்னமோ இல்லாமல் போய்விட்டது. சின்ன மாமா பின்னால் போய், ஒரு விரலால் பின்சக்கரத்தைத் தள்ளினான். அது சுற்றியது. நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் கேன் கனம் அத்தனையும் இருக்கிறது, சக்கரம் பாட்டுக்கு அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்பா அந்தச் சக்கரம் நிற்கிறவரைக்கும் பார்த்தார், அப்புறம் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பொண்ணைக் கொல்ல நானே பெட்டி செஞ்சு கொடுத்திருக்கேனே என்று சொன்னார். அந்த மனிதர் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. கயிற்றைப் பிடித்தவர்கள் விட முடியாமல் நிற்க, நானே இறங்கிப் போய் அவரை எழுப்பினேன்.

அன்றிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் சொன்னதையே சொல்கிறாள், அவளைத் திட்டாத திட்டு இல்லை. அடிவாரத்தில் நீ மருந்து எடுக்கிற ஆபீசுக்குப் போன் செய்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கிளார்க் தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சொல்லிடறேம்மா என்றார். மறுநாள் கேட்டால், மருந்து எடுக்க வந்தாங்க, அம்மா ரொம்பக் கவலைப்படுறாங்க, பார்த்துப் போங்கன்னு சொன்னேன், சிரிச்சுட்டுப் போனாங்க என்கிறார். நான் சொன்ன அத்தனையும் அவர் வாயில் வந்தபோது வெறும் அம்மா கவலையாகிவிட்டது. நீயும் சிரித்துவிட்டுப் பெட்டி நிறைய மருந்தை ஏற்றிக்கொண்டு அதே வளைவுகளில் அந்தச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யாராவது தகட்டை இழுத்துப் போனாலும் அந்த உரசல் சத்தத்தில் ஸ்பிரேயைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன், பட்டறையில் பெயின்ட்டை அண்ணனை அடிக்கச் சொல்கிறேன், அவன் அடித்தால் வழிந்து வழிந்து நிற்கிறது.

நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். பெட்டி இல்லாமல் மருந்தை எப்படிக் கொண்டுபோவது, மேலே பிள்ளைகள் காத்திருக்கும், ஐஸ் கரைந்தால் மருந்து வீண் என்பாய். அந்தப் பிள்ளைகளுக்கும் அம்மா இருக்கிறாள், எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் சொல்கிறேன், அவர்கள் காத்திருக்கட்டும். முதுகில் மாட்டுகிற சின்ன ஐஸ் பையில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு நடந்து போகிற தூரத்துக்கு நட, போக முடியாத இடத்துக்கு அடுத்த வாரம் போ. என் பெண் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஊரார் பிள்ளைகளின் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்கிறேன், இது பாவமென்றால் என் தலையில் எழுதட்டும், உனக்கு வேண்டாம். உன்னை இதற்கு மேல் எப்படிக் கெஞ்சுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா வேறு பெட்டி செய்துவிட்டார். ஒடுக்கமாக, உயரத்தில் நிற்கிற மாதிரி, கூரியர்காரர் வண்டியில் மாட்டி, நிமிர்த்தி இல்லை, சாய்த்து அளந்து. இப்போது கால் கம்பி முதலில் தொடுகிறது, பெட்டி தொடவில்லை, சின்ன மாமாவே குறை சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள். உன் பெரிய ஐஸ் பெட்டி அதற்குள் போகாது, சின்னது இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். பாரம் ஏற்றினால் பின் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும் என்றும் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போய்க் குறைக்கக் கூடாது என்றும் மாமா நூறு தடவை சொல்லி எழுதச் சொன்னான். இங்கிருந்து அடிவாரத்துக்குப் போகிற மருந்து வண்டியில் அப்பாவையும் ஏற்றி அனுப்பலாம் என்று கேட்டுப் பார்த்தேன், ஆள் ஏற்றக் கூடாதாம், கடிதம் ஏற்றலாமாம். அதனால் இந்தக் கடிதம் முன்னால் வருகிறது, அடிவாரத்திலிருந்து பால் ஜீப் டிரைவர் உன்னிடம் கொண்டுவந்து தருவார். அப்பா பின்னாலேயே பஸ்ஸில் பெட்டிகளோடு கிளம்புகிறார். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனிதர், எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையுமாகக் கட்டி வைத்திருக்கிறேன். வந்து அவர் கையாலேயே மாட்ட வேண்டுமாம், வேறு யாரையும் தொட விடமாட்டாராம்.

இப்போது நான் சொல்வதுதான் முக்கியம், இதை மட்டுமாவது கேள். அப்பா அடிவாரத்தில் வந்து நிற்கிறார் என்று உனக்கு யாராவது சொல்வார்கள். சொன்ன உடனே நீ வண்டியை எடுப்பாய். வயசான மனுஷன், பஸ்ஸில் வந்து வாடிப்போய் நிற்பார், பாரத்தை வைத்துக்கொண்டு தவிப்பார் என்று பறந்துகொண்டு வருவாய், நான் பெற்றவள் தானே நீ. மேலிருந்து கீழே வரைக்கும் முழுக்க இறக்கம், முழுக்க வளைவு, அதில் அப்பாவைப் பார்க்கப் போகிற அவசரம் வேறு. அவர் செய்த அந்தப் பழைய பெட்டியோடு அவரைப் பார்க்க இறங்கி வராதே. அவர் ஜீப்பில் வரட்டும், ஜீப்பில் இடமில்லையா, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வரட்டும். வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வரட்டும், ஒன்றும் குறைந்துபோக மாட்டார். வந்ததும் அவரை ஒன்றும் கேட்காதே, குறை சொல்லாதே, சிரிக்கவும் சிரிக்காதே, தண்ணீர் கொடுத்து வேலையைப் பார்க்க விடு.

நீ நூறு வயசு இருக்க வேண்டும், உன் கை பட்ட பிள்ளைகள் எல்லாம் நோய் நொடியில்லாமல் வளர வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, ஹெல்மெட் பட்டையைப் போடு. இன்னும் ஒன்று. சரிம்மா கழட்டிட்டேன் என்று நீ வாயால் சொன்னால் நான் நம்ப மாட்டேன். பெட்டிகளைக் கழற்றின போல்ட்டுகளை ஒரு காகிதத்தில் மடித்து, இதைக் கொண்டுவந்த ஜீப் டிரைவரிடமே கொடுத்தனுப்பு. அப்பா அடிவாரத்துப் பஸ் நிறுத்தத்தில் அவருக்காகக் காத்திருப்பார். அந்தப் போல்ட்டு அவர் கைக்கு வந்ததும் எனக்குப் போன் செய்வார், நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வர வேண்டாம், போல்ட்டு வரட்டும் என்று காத்திருக்கும்,
உன் அம்மா