பசுந்தாங் பழனி

கடிதம் எண் 147
பசுந்தாங், யாங்கோன்
2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை, காலை 6.40 மணி

அன்புத் தங்கை தைலம்மாளுக்கு அண்ணன் முருகையா எழுதிக்கொள்வது.

நான் நலம். நீயும் மகன் சுந்தரும் நலமாயிருக்க முருகன் அருள் புரியட்டும். உன் கடைசிக் கடிதத்தில் தேதி இல்லை. வந்து சேர்ந்த நாளையே அதன் தேதியாகக் குறித்து வைத்திருக்கிறேன். இது முறையன்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலியில் மொந்தேவெர்னா என்றொரு மலையூர். அதன் நகராட்சியிலிருந்து நம் கோயிலுக்குக் கடிதம் வந்திருக்கிறது. தங்கள் ஊரில் பிறந்து அயல்நாட்டில் மறைந்த ஓவியர் அல்தோ பெர்னாஸ்கோவுக்கு ஒரு காட்சிக்கூடம் அமைக்கிறார்களாம். நம் அல்தோ ஐயாவேதான். பர்மாவுக்குக் கப்பலேறிய பின் அவர் என்ன ஆனார் என்பது அங்கே எவருக்கும் தெரியவில்லை. இங்கே அவரோடு பழகியவர்களில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. ஆகவே ஒரு வாழ்க்கைக் குறிப்பு தயாரித்திருக்கிறேன். பிழையிருந்தால் தெரிவி.

1909 மார்ச் 14, பிறப்பு. 1937 நவம்பர், தேவாலயம் ஒன்றின் பீடத்துக்குப் படம் எழுத ரங்கூன் வருகை. 1940 ஜூன், போர் காரணமாக ஆங்கிலேயரால் பிடிக்கப்பட்டு இந்திய முகாமில் அடைப்பு. 1947, பாதியில் நின்ற படத்தை முடிப்பதற்காகவே திரும்பி வந்தார். குண்டுவீச்சில் அந்தத் தேவாலயமே இல்லாமற்போயிருந்தது. அதன்பின் நம் வீட்டு மாடியில் குடியிருந்து, அரிசி ஆலைகளுக்குப் பெயர்ப்பலகைகளும், இறந்தவர்களின் சிறு புகைப்படங்களைப் பார்த்துப் பெரிய படங்களும் எழுதினார். 1952 ஜனவரி, அப்பாவின் நாடக சபைக்காகப் பழனிமலைப் படுதா. 1964 மே, பக்கவாதம். 1966 நவம்பர் 9, மறைவு.

அவர்கள் தங்கள் ஊரின் பழைய புகைப்படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். மலைமேல் அடுக்கடுக்காய்க் கல்வீடுகள், மடக்கிய குடைபோல் ஒல்லியாய் நிற்கும் மரங்கள், உச்சியில் சதுரக் கோபுரம். நம் படுதாவேதான், தைலம். சபை கலைந்த பின்னும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் உற்சவருக்குப் பின்னால் நாம் கட்டி வரும் அதே படுதா! புகைப்படத்துக் கோபுரத்தின்மேல் வேல் மட்டும் இல்லை.

இணையத்தில் நம் தைப்பூசப் படம் ஒன்றைக் கண்டு தங்கள் ஊரை அடையாளம் கண்டுகொண்டார்களாம்; படுதாவைத் தங்களுக்குத் தர இயலுமா என்று கேட்கிறார்கள். கோயில் தலைவர் பிரேம்நாத்துக்கு நாற்பது வயது. அவன் பர்மியத்தில் என்னை மாமா முறை சொல்லித் துள்ளிக் குதிக்கிறான். "ஊலே, கெய்ஸா மஷிபூ! குடுத்துட்டுப் போவோம், ஒண்ணும் பிரச்சனை இல்ல. நெஜப் பழனிய நெட்ல எடுத்து ஃப்ளெக்ஸ் அடிச்சா பளபளன்னு இருக்கும்." மூத்த அறங்காவலனான என் கையெழுத்தில்லாமல் அது வெளியே போகாது.

நான் பழனியைக் கண்டதில்லை. நீ கண்டிருக்கிறாய். நம் படுதாவில் இருப்பது பழனியா, அன்றா? நேரடியாகப் பதில் எழுது. தேதியும் போடு.

அன்புள்ள அண்ணன்,
முருகையா

*

திருச்சி
மார்கழி பிறந்து மூன்று நாளோ நான்கு நாளோ (இது போதுமா?)

அன்புள்ள அண்ணனுக்குத் தைலம் எழுதுவது.

எனக்கு முழங்கால் வலி, உங்களுக்குத் தேதி வலி. மற்றபடி இருவரும் சௌக்கியம்.

நேரடியான பதில்: இல்லை. ஒரு துளிகூட இல்லை.

அறுபத்துநான்கில் பர்மாவை விட்டு அகதிகளாகக் கப்பலில் வந்திறங்கிய மறு வருஷம் அப்பா எங்களைப் பழனிக்கு அழைத்துப் போனார். பெரிய பாறை மலை, எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலைகளும் குரங்குகளும். குடை மரமும் கிடையாது, கல்வீட்டுத் தெருவும் கிடையாது. அம்மா அடிவாரத்திலேயே நின்றுவிட்டாள். "ஏங்க, பஸ்ஸு மாறி ஏறிட்டமா?" என்று கேட்டாள். நான் அழுதேன். இது நம் பழனி இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அழுதேன். எந்த வீட்டுக்கு என்று அம்மா கேட்டாள். பதினெட்டு வயதுக் குமரி, நடுத்தெருவில்! அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தேங்காய் வாங்கப் போய்விட்டார்.

உங்கள் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. அறுபத்துநான்கு மே முதல் அறுபத்தாறு நவம்பர் வரை அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, உடன் இருந்தவர் பெயர் அதில் இல்லை. அடுத்த கப்பலில் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அந்த மாடியிலேயே இருந்துவிட்டவர் பெயர். ஐயா மறைந்து இரண்டு மாதம் கழித்து அப்பா போனபோது கொள்ளி வைக்கச் சித்தப்பா மகனைத் தேட வேண்டியிருந்தது. எல்லாத் தேதியும் எழுதுகிறவருக்கு அந்தத் தேதி நினைவிருக்கிறதா?

தங்கை,
தைலம்

*

கடிதம் எண் 148
பசுந்தாங்
2025 ஜனவரி 6, திங்கட்கிழமை, பிற்பகல் 2.15 மணி

அன்புத் தங்கைக்கு,

பதில் கிடைத்தது. தெளிவாக எழுதியமைக்கு நன்றி. கடைசிப் பத்தியை, வழக்கம்போல, கோப்பில் வைத்துவிட்டேன்.

படுதாவைக் கொடுத்துவிடுவதென முடிவு செய்துவிட்டேன். ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் இத்தாலியத் தெருவுக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறோம். உண்மை தெரிந்த பிறகு பொய்ப் பெயரில் அதை வைத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அவர்கள் ஊர், அவர்களிடம் போகட்டும்.

மடித்து வைக்கலாமென்று நேற்று எடுத்தேன். இரண்டு பேர் வேண்டிய வேலை. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை தரையில் கிடக்கிறது. அப்படியே போட்டுவிட்டு, மின்சாரம் வரும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தைப்பூசத்துக்கு அது இராது.

இக்கடிதத்தைச் சென்னை வரும் நம் தெருப் பையன் ராம் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணன்,
முருகையா

*

திருச்சி
மாட்டுப் பொங்கல்

அண்ணா,

கையெழுத்துப் போடாதீர்கள். இதைச் சுந்தர் படம் பிடித்துப் பிரேம்நாத்தின் போனுக்கு அனுப்புவான். கைபேசியில் வரும் கடிதம் கடிதமே அன்று என்பீர்கள். ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்குத்தான் அன்று பதில் எழுதினேன். அப்பா ஏன் ஒன்றும் சொல்லாமல் தேங்காய் வாங்கப் போனார் என்று நீங்கள் கேட்கவில்லை.

அப்பா பர்மாவிலா பிறந்தார்? பன்னிரண்டு வயதில் கப்பலேறும் முன்பே அந்த மலைக்குக் காவடி எடுத்தவர். பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "தெரிஞ்சுமா அந்தப் படுதாவ மேடையில கட்டுனீங்க?" அப்பா சொன்னார்.

முதல் நாடகத்துக்கு முந்தின நாள் அல்தோ ஐயா படுதாவை விரித்துக் காட்டியிருக்கிறார். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் எல்லாரும் நின்றிருக்கிறார்கள். கருப்பையா மாமாவுக்குச் சொந்த ஊரே பழனி அடிவாரம். "என்னய்யா இது?" என்று அவர் வாயைத் திறக்க, அப்பா அவர் காலை நறுக்கென்று மிதித்தாராம். "பதினஞ்சு வருசமா ஊரப் பாக்காத மனுசன், தைலு. 'சரியா? சரியா?'ன்னு எங்க மொகத்தையே பாக்குறாரு. என்னான்னு சொல்றது?"

மாமாதான் முதலில் தேறியவர். "அச்சு அசல் ஐயா! அந்தா, அந்தத் தெருவுலதான் எங்க வீடு" என்று ஒரு வீட்டைத் தொட்டுக் காட்டிவிட்டார். அல்தோ ஐயா உடனே தூரிகையை எடுத்து, "கதவு என்ன கலர்?" என்று கேட்டாராம். பச்சை என்றார் மாமா. அங்கேயே பச்சை அடித்தார். அவ்வளவுதான், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் வாசல் புளியமரத்தைக் கேட்டார், ஒருவர் தோட்டத்து ஏற்றத்தை. விடியும் வரை அவரை உட்காரவிடவில்லையாம்.

போய்ப் பாருங்கள், அண்ணா. இருக்கும்.

இன்னொன்று. அகதி முகாமில் யாராவது, "ஒம்ம மகன் ஏன்யா கூட வரல?" என்று கேட்டால் அப்பா ஒரே பதில்தான் சொல்வார். "எங்க ஊர்க்காரர் ஒருத்தர் அங்க முடியாம கெடக்காரு. பாத்துக்க ஆள் வேணாமா?" கடைசிவரை அதையேதான் சொன்னார். கோபம் எனக்குத்தான். அவருக்கு இல்லை.

தைலம்

*

கடிதம் எண் 149
பசுந்தாங், யாங்கோன்
2025 பிப்ரவரி 12, புதன்கிழமை, காலை 7.05 மணி

அன்புத் தங்கை தைலம்மாளுக்கு,

உன் கடிதம் ஜனவரி 15, மாலை 5.20 மணிக்குக் கைபேசியில் வந்தது. கோயிலில் நின்றபடியே படித்தேன். பிரேம்நாத்தின் கைபேசியைத் திருப்பிக் கொடுக்க மறந்து, கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு அவன் தேடி வந்து வாங்கிப் போனான். பிரிந்த அறுபத்தோராம் ஆண்டில் எனக்கு அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கிறது. அதற்கு எப்படி ஒப்புகை எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பகலில், அவனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிப் படுதாவைக் கூடத்தில் விரித்தேன். பச்சைக் கதவு இருக்கிறது. சாயம் அங்கே மட்டும் தடித்துத் தனியாகத் தெரிகிறது. சந்து முனையில் புளியமரம் இருக்கிறது. ஏற்றம் இருக்கிறது, அதை இத்தனை நாளும் கொடிக்கம்பம் என்று நினைத்திருந்தேன். திண்டுக்கல் பக்கத்து மாட்டு வண்டி ஒன்று அந்த இத்தாலியச் சந்தில் திரும்ப முடியாமல் நிற்கிறது. புகைப்படத்தை அருகில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மொந்தேவெர்னாவில் இவற்றில் ஒன்றும் இல்லை.

"ஊலே, இந்தப் பச்சக் கதவு யாரோடது?" என்று கேட்டான் பிரேம்நாத்.

"கருப்பையா மாமாவோடது."

"நம்ம மெக்கானிக் ராதாவோட தாத்தாவா?" என்றவன், படுதாவை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவளை அழைத்து வர ஓடிவிட்டான். மாலைக்குள் கூடம் நிறைந்துவிட்டது. தமிழில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராத பிள்ளைகளெல்லாம், எங்கள் வீடு எது, எங்கள் வீடு எது என்று பர்மிய மொழியில் கேட்டுத் துளைத்துவிட்டார்கள். ஃப்ளெக்ஸ் பேச்சை அதன்பின் எவரும் எடுக்கவில்லை.

நான் கையெழுத்திடவில்லை. நகராட்சிக்கு இவ்வாறு எழுதினேன்: தங்கள் ஊரின் ஓவியம் எங்களிடம் இல்லை. இருப்பது பழனி மலை. புகைப்படத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைத் தனியே குறித்திருக்கிறேன். தங்கள் ஊரார் நேரில் காண விரும்பினால் தைப்பூசத்தன்று வரலாம், தேங்காய் கொண்டு வருவது வழக்கம்.

நேற்று தைப்பூசம். படுதா கட்டினோம்.

வாழ்க்கைக் குறிப்பில் நீ சுட்டிய பிழையைத் திருத்திவிட்டேன். உடனிருந்தவர் பெயர் சேர்க்கப்பட்டது. பிறந்த ஊர் மொந்தேவெர்னா என்பதன் கீழே, அப்பா சொன்னபடி, சொந்த ஊர் பழனி என்று எழுதியிருக்கிறேன். அப்பா மறைந்த தேதியைக் கேட்டிருந்தாய். 1967 ஜனவரி 11, புதன்கிழமை. தந்தி கிடைத்தது ஜனவரி 20. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு நாளும் நான் உண்பதில்லை. இதை உனக்கு இதுவரை எழுதாதது என் வழக்கம், அவ்வளவே.

அன்புள்ள அண்ணன்,
முருகையா

இணைப்புகள்:
1. திருத்திய வாழ்க்கைக் குறிப்பு, ஒரு பிரதி.
2. நேற்றுக் கோயிலில் எடுத்த புகைப்படம், ஒன்று. பின்புறம் தேதி உண்டு.
3. தைப்பூச விபூதி, ஒரு பொட்டலம். பாதி உனக்கு, பாதி அம்மா அப்பா படத்துக்கு.
4. என் கடவுச்சீட்டின் முதற்பக்க நகல். சுந்தர் விமானச் சீட்டு எடுக்கட்டும். அங்கிருக்கும் பழனியையும் நான் பார்க்க வேண்டும்.