நான் வெளுத்த குடை

சாப்பாட்டு மேசைமேல் உங்கள் பாராசூட் கிடக்கிறது. அதிலிருந்து இன்னும் சலவைத்தூள் வாசம் வருகிறது. நீங்கள் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது, அந்த வாசம் மட்டும் போகவில்லை. அது எப்படி அதில் ஏறியது என்று நம் மகளிடம் போன வாரம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

நீங்கள் அதைக் குடை என்றுதான் சொல்வீர்கள். டத்தோ கிராமாட்டில் நம் வீடு நீளமானது, ஒடுங்கியது. பழைய வட்டக் குடைகளை விரிக்க இதைவிடப் பொருத்தமான வீடு பினாங்கிலேயே கிடையாது என்று பெருமைப்படுவீர்கள். உச்சியை வாசல் இரும்புக் கதவில் கட்டினால் தோளில் மாட்டும் வார்கள் அடுக்களை வரைக்கும் வரும். கடலுக்கு அக்கரையில் குதிக்கும் நண்பர்களின் குடைகளை நீங்கள் சோதித்து மடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடுப்பை நெருங்க முடியாது.

“இன்னிக்குச் சோறு உண்டா இல்லையா?” என்று கத்துவேன்.

“சோறு கொழஞ்சா திங்கலாம் லா. குடை கொழஞ்சா?” என்பீர்கள், தலையை நிமிர்த்தாமல்.

கயிறுகளை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்ப்பீர்கள். கொக்கிகளில் துரு, பையை மூடும் ஊசியில் வளைவு, ரப்பர் வளையங்களில் வெடிப்பு என்று எல்லாம் உங்கள் வேலை. துணியை மட்டும் என்னிடம் விட்டுவிடுவீர்கள். ஒரு தையல் கோணினால் முழு மடிப்பையும் பிரிக்கச் சொல்லும் கன்னிகாஸ்திரீகளிடம் படித்தவள் நான். ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்தால் குண்டூசி முனை அளவு ஓட்டையும் என் கண்ணுக்குத் தப்பாது. நான் காட்டிய இடத்தை நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பீர்கள். “மதர் சுப்பீரியர் சொல்லியாச்சு, அப்பீல் கெடையாது” என்று சாக்குக்கட்டியால் வட்டம் போடுவீர்கள்.

ஒருவர் பளிச்சென்ற குடையோடு வந்தது நினைவிருக்கிறதா? மழையில் நனைந்ததா, கடலில் விழுந்ததா, வெயிலில் கிடந்ததா என்று வழக்கம்போலக் கேட்டீர்கள்.

“ஒண்ணுமே இல்லண்ணே. புதுசு மாதிரி இருக்கு பாருங்க.”

தையல் இடுக்கில் விரலை வைத்து, நாக்கில் தொட்டுப் பார்த்தீர்கள். உப்பு.

“தம்பி, கண்ணுக்குத் தெரியிறத நான் பாத்துக்குவேன். தெரியாதத நீதான் சொல்லணும்” என்று சொல்லி, குடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அவர் போன பிறகு, இப்படியும் ஒரு மனிதன் பொய் சொல்வானா என்று நான் அரை மணி நேரம் பேசினேன்.

நீங்கள் போன அந்த வருடமே, மழைக்காலத்தில், குடை இருந்த அலமாரிக்கு மேலே கூரை ஒழுகியது. தெரிந்தபோது உங்கள் குடை முழுக்கக் கறுப்புப் புள்ளியாகப் பூசணம். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பெரிய வாளியில் சலவைத்தூள் போட்டு ஊறவைத்தேன். கறை போகாத இடங்களில் ப்ளீச் ஊற்றித் தேய்த்தேன். பின்கட்டுக் கொடியில் நான்கு நாள் வெயிலில் போட்டேன். பள்ளிக்கூடச் சீருடை மாதிரி வெள்ளை வெளேரென்று வந்தது.

நைலானுக்கு வெயிலும் ப்ளீச்சும் எமன் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் வாயாலேயே எத்தனை முறை கேட்டிருக்கிறேன். இனி இது மேலே போகப்போவதில்லை, சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். நீங்கள் மடிக்கும் அதே முறையில் மடித்து, பையில் அடக்கி, வேறு அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், “அவர் வச்ச மாதிரியே வச்சிருக்கேன்” என்று திறந்து காட்டினேன். எல்லாரும் என்னை மெச்சினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை ஆயர் ஈத்தாமிலிருந்து கலா வந்தாள். நாற்பத்தாறு வயதிலும் உங்கள் மகள் மாதம் இருமுறை குதிக்கிறாள். வந்ததும் அலமாரியைத் திறந்தாள்.

“ஞாயித்துக்கெழம அப்பா நெனவு நாள் மா. அப்பா குடையில ஒரே ஒரு தடவ குதிக்கிறேன்.”

“உங்க கிளப்புல விடுவாங்களா?”

“இன்ஸ்பெக்டர் செக் பண்ணுவாரு. பழசு இல்லையா, இத்தன வருசமா எப்படி வச்சிருந்தீங்கன்னு வீட்டுல எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு. அப்பா வச்ச மாதிரியே இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க மா. அவ்ளோதான்.”

பையிலிருந்த அட்டையை என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு முறை மடித்த பிறகும் நீங்கள் குறிப்பெழுதிய அட்டை அது. கடைசி வரி உங்கள் கையெழுத்து. பேனாவை வாங்கிக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி நைந்திருப்பதை இன்ஸ்பெக்டர் எப்படியும் கண்டுபிடித்து, பழசு என்று ஒதுக்கிவிடுவார் என்று ஒரு நினைப்பு வந்தது. என் மானமும் போகாது, பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. கண்டுபிடிக்காவிட்டால்? என் கையெழுத்தை நம்பி அவரும் லேசாகப் பார்த்துவிட்டு விட்டால்?

“அதை வெளிய எடு” என்றேன்.

துணியின் ஓரத்தை அவள் கையில் கொடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுக்கச் சொன்னேன். தயங்கி இழுத்தாள். வெங்காயத்தோல் மாதிரிக் கிழிந்தது.

கலா கிழிந்த இடத்தையே பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கூரை, வாளி, ப்ளீச், நான்கு நாள் வெயில்.

“அப்பா வச்ச மாதிரியே இருக்குன்னு ஊர் முழுக்கச் சொன்னீங்களே மா.”

“சொன்னேன்.”

“நான் இதப் போட்டுக்கிட்டுக் குதிச்சிருப்பேன்.”

“தெரியும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அடுக்களைக்குப் போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் கலந்தாள். நான் உங்கள் வரிக்குக் கீழே எழுதினேன்: சோப்பிலும் ப்ளீச்சிலும் துவைத்து வெயிலில் காயவைத்தது நான், இதை யாரும் குதிக்கப் பயன்படுத்தக் கூடாது. கையெழுத்தும் போட்டேன். அப்படியும் எழுத்து அழகாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் குடையைப் போட்டுக் குதிக்கப் போனாள். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். திடலில் விமானத்துக்குப் போகும் முன் என்னிடம் வந்து முதுகைக் காட்டி நின்றாள்.

“பின்னால பாருங்க மா.”

“உங்க ஆளுங்க பாக்க மாட்டாங்களா?”

“பாத்துட்டாங்க. நீங்களும் பாருங்க.”

புதுக் குடையின் அமைப்பு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் முதுகுப் பையின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி நேராக இருந்தது. அந்த ஊசி மாட்டியிருக்கும் சின்னக் கயிற்று வளையம்தான் பையையே மூடி வைத்திருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் நான்கைந்து இழை பிசிறியிருந்தது.

“வளையம் பிசிறுது. மாத்தச் சொல்லு.”

“அம்மா, பிளேன் கெளம்புது லா!”

“கெளம்பட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினாள். அந்த விமானம் அவளில்லாமல் போயிற்று. இன்ஸ்பெக்டர் வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புதியது மாட்டிக் கொடுத்தார். கலா மறுபடி என் முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.