கண்ணில் தெறித்த ரப்பர் விதை

லாபிஸ், மலாயா, ஆவணி 1927

அன்புள்ள வெள்ளையம்மாவுக்கு,

நீயும் குழந்தைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. நானும் சுகமே. போன வாரம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது ரப்பர் காய் வெடித்து, விதை என் வலது கண்ணில் தெறித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துச் சொன்னதை, மருந்து கட்டும் டிரஸ்ஸர் அமலநாதன் தமிழில் சொன்னார்.

“கருவிழி ஓரமா கிழிஞ்சு உள்ளே ரத்தம் கட்டியிருக்கு. கிழிசல் ஒட்டாது, ஆனா பார்வை போகாது. ரத்தம் வடியிற வரைக்கும் அசையாம படுத்திருங்க.”

இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் சீனர், சோறு வந்தால் என் கையைப் பிடித்துத் தட்டில் வைப்பார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. வளையல் சத்தம் கேட்டால் மட்டும் நீதானோ என்று தலையைத் திருப்பிவிடுவேன். அதற்காக டிரஸ்ஸரிடம் திட்டும் வாங்கினேன்.

இன்று கட்டை அவிழ்த்தார்கள். வெளிச்சம் கூசுகிறது, ஆனால் கண் தெரிகிறது. உனக்குக் கடிதம் எழுதித் தருபவரிடம் பதிலைப் பெரிய எழுத்தாக எழுதச் சொல். நீளமாகவும் இருக்கட்டும். கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பு.

சொட்டு மருந்தோடு டிரஸ்ஸர் வந்துவிட்டார். அதைக் கண்ணில் விட்டால் எழுத்து மங்கிவிடும். குழந்தைகளோடு இங்கே வரட்டுமா என்று கேட்டிருந்தாயே, வந்துவிடு.

உன் வீரமுத்து