மைக்ரோவேவில் சுவரொட்டி

ஜூலை 16, புதன்

காற்று. நாளைதான் ஆடி பிறக்கிறது, இன்றே கொடியில் கிடந்த துண்டு மாடிக்குப் பறந்துவிட்டது. போய் எடுக்கவில்லை. டாக்டர் படி ஏறக்கூடாது என்றார். ஏறத் தோன்றவும் இல்லை.

ஆறாம் நாள். பள்ளி நூலக வேலைக்கு இன்னும் ஒரு வாரம் லீவு. எழுதிக் கொடுத்த காரணம்: வைரஸ் காய்ச்சல்.

செய்ய:
இரும்பு மாத்திரை, மறக்காமல்
பேரீச்சம்பழம்
படிக்காத இரண்டு புத்தகம் திருப்ப
அம்மாவுக்கு ஃபோன் (நாளை)

ரத்தம் எட்டுதான் இருக்கிறதாம். நர்ஸ், என் கணவர் ஜெரால்டைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரையோட சுவரொட்டியும் வாங்கிக் குடுங்க சார்" என்றாராம். ஆட்டு மண்ணீரல். ஜெ. மெஸ்ஸில் வறுவலாக வாங்கி வந்தார். ஒரே மிளகு, எண்ணெய். இரண்டு வாய். வாந்தி.

வீட்டில் செய்ய வழியில்லை. விளாங்குடிக்குக் குடிவந்த அன்றே மாடியில் இருக்கும் வீட்டுக்கார அக்கா சொல்லிவிட்டார்: "வெளிய வாங்கிச் சாப்பிட்டா உங்க இஷ்டம்மா. அடுப்புல மட்டும் கறி வைக்காதீங்க. உங்க ஜன்னலுக்கு நேர் மேல எங்க பூஜை ரூமு."

ஜூலை 17, வியாழன்

நான் கூப்பிடும் முன் அம்மாவே கூப்பிட்டாள். டி. கல்லுப்பட்டியில் மழை இல்லையாம்.

"குரல் ஏன் இப்படி இருக்கு?"
"தூசிம்மா. இங்க அம்புட்டுக் காத்து."
"சாப்பிடுறியா இல்லையா? புத்தகத்தைத் தூக்கி வச்சுட்டுச் சாப்பிடு."

புத்தகத்தைத் திறந்தே எத்தனை நாள் ஆயிற்று.

மூன்று மாதம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தோம். பத்தாவது வாரம் எல்லாம் முடிந்தது. சந்தோஷத்தை மறைத்தவள் துக்கத்தை மட்டும் எந்த முகத்தோடு கொண்டுபோய்ச் சொல்வது?

சுவரொட்டியை எப்படி வேக வைப்பது என்று அவளைக் கேட்டால் ஒரு நிமிட வேலை. கேட்க முடியாது. கல்யாணமான பெண் சுவரொட்டி என்று வாயெடுத்தால் அடுத்த கேள்வி, எத்தனை மாசம்.

இரவுச் சாப்பாட்டில் ஜெ. மைக்ரோவேவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அவருடைய தல்லாகுளம் ஆபீஸில் சேர்ந்து கொடுத்தது. ஒன்றரை வருடமாகப் பால் சூடாக்க மட்டும்.

"அடுப்புல வைக்கக் கூடாதுன்னுதானே அக்கா சொன்னாங்க? இது அடுப்பு இல்லையே."

கோர்ட் ஆபீஸ் மூளை. சிரித்துவிட்டேன். ஏழு நாளில் முதல் தடவை. சிரித்ததும் வயிறு இழுத்துப் பிடித்தது.

ஜூலை 18, வெள்ளி

பகல் முழுக்க ஃபோனில் ஒரே கேள்வி. பச்சைக் கறி மைக்ரோவேவில் வேகுமா? வேகுமாம். ஆனால்:

ஒரே அளவு துண்டு. எலும்பு வேண்டாம்.
மூடி வைக்க.
பாதியில் எடுத்துக் கிளறித் திருப்பி வைக்க. ஓரம் வெந்து நடு பச்சையாக நிற்குமாம்.
நின்றதும் உடனே திறக்காமல் சில நிமிடம் விட.
அரைவேக்காடாக எடுத்துவைத்துப் பிறகு சாப்பிடவே கூடாது.
உள்ளே எவ்வளவு சூடு என்று அளந்து பார்க்க ஒரு கருவி. நம்மிடம் காய்ச்சல் பார்ப்பதுதான் இருக்கிறது.

பரீட்சைக்குப் படிப்பதுபோல் இரண்டு முறை எழுதினேன். வேறு எதையும் நினைக்காத இரண்டு மணி நேரம்.

ஜூலை 19, சனி

காலை ஏழு மணிக்கே ஜெ. கறிக்கடை. வந்தவர் பையை என்னிடம் தராமல் தானே கழுவினார். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"கடைக்கார அண்ணன் கேட்டாரு. 'என்ன மாப்ள, சுவரொட்டி? வீட்ல மாசமா இருக்காகளா?' ஆமாண்ணேன்னுட்டேன்."

"ஏன்?"

"தெரியல. வாயில வந்துருச்சு. ஒரு துண்டு ஈரல் சேத்துப் போட்டாரு. காசு வாங்கல. இது உள்ள இருக்க பிள்ளைக்குன்னாரு."

குழாயை நிறுத்தவில்லை. கழுவிக்கொண்டே இருந்தார்.

பாக்கி வேலை இருக்கிறதென்று ஆபீஸ் போய்விட்டார். பதினோரு மணிக்கு நான் வைத்தேன். உப்பு, மஞ்சள். ஈரலைத் துண்டு போட்டேன். சுவரொட்டியில் கத்தி வைக்க மனம் வரவில்லை. கறுஞ்சிவப்பாக, வழவழவென்று. எழுதிய பட்டியலின் முதல் வரியையே மீறி முழுசாக வைத்தேன்.

மூன்றாவது நிமிடம் டப் என்று ஒரு சத்தம். மூடி எகிறிவிட்டது. கண்ணாடிக் கதவு முழுக்கச் சிவப்பு. உள்ளே விளக்கு எரிகிறது, தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அதே நேரம் வாசலில் வீட்டுக்கார அக்கா, கையில் பறந்துபோன துண்டு. "என்னம்மா சத்தம்?"

"உருளைக்கிழங்குக்கா."

"குத்திவிட்டு வைக்கணும்டா, இல்லாட்டி வெடிக்கும். ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"காய்ச்சல்."

அவர் போனதும் கதவைத் திறந்தேன். மேலே கல்மாதிரி இருந்தது. வெடித்த இடத்தில், உள்ளே, பச்சை. அன்று மருத்துவமனையில் எஃகுக் கிண்ணத்தை மூடி எடுத்துப் போனார்கள். எட்டிப் பார்க்காதே என்றார்கள். பார்த்தேன்.

துடைக்க முடியவில்லை. அப்படியே மூடிவிட்டேன்.

சாயங்காலம் ஜெ., "சாப்பிட்டியா?" தலையாட்டினேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

காற்று குறைந்திருக்கிறது. ஜெ. மட்டும் மாதா கோயிலுக்கு.

மைக்ரோவேவுக்குள்ளிருந்து லேசாக நாற்றம். ஜெ. வந்தால் பால் சூடாக்கத் திறப்பார். நான் பொய் சொன்னது தெரியும். அதைவிட, அவர் அதைப் பார்ப்பார்.

எழுந்து துணியை நனைத்தேன். கதவுவரை போனேன். துணியை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தேன்.

"அம்மா, சுவரொட்டி எப்படி வேக வைக்கிறது?"

"ஏய்! நெசமாவாடி? எத்தன மாசம்? மாதாவே! நான் நெனச்சேன், குரல் கம்மியிருந்தப்பவே நெனச்சேன். பஸ்ல எல்லாம் போகாத. பெரியம்மாட்ட சொல்லவா?"

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அரை நிமிடம் அவளைப் பேசவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்காகச் சந்தோஷப்பட்டவர்கள் வெளியே இரண்டே பேர். கறிக்கடைக்காரர், அம்மா. இரண்டு பேருமே பிந்திவிட்டார்கள்.

பிறகு சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. மைக்ரோவேவ் வரைக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன்.

அம்மா, மிகச் சின்னக் குரலில்:

"மேல தோல் இருக்கும்டி. சுடுதண்ணில போட்டு உரிச்சிட்டுத்தான் செய்யணும்."

"தெரியாதும்மா."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நான்தான சொல்லியிருக்கணும்." மூக்கை உறிஞ்சினாள். "வாரேன். இங்கயே செஞ்சு எடுத்துட்டு வாரேன். மாப்பிள்ளைய எங்கயும் போகாம இருக்கச் சொல்லு."

"சரிம்மா."

"அந்தப் பெட்டிய நீ தொறக்காத. நான் வந்து தொடைக்கிறேன்."